முதலில் ஆள், அப்புறம் தேதி: எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தயாராகும் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கடலூர், புதுச்சேரிப் பக்கம் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ஸ்லீவ் அறுவை (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) நடந்து மூன்றாவது வருடம் ஓடுகிறது. தியேட்டருக்குள் நடந்ததை டாக்டர்கள் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். காப்பீட்டுக் காகிதம், பணம், வீட்டுச் சமையல், ராத்திரியில் வரும் பயம் இதெல்லாம் என் தலையில்தான் இருந்தது. யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. பிறகுதான் இதே அறுவை செய்துகொண்ட ஒரு அக்கா பழக்கமானார். அவர் முன்பே கிடைத்திருந்தால் பாதிச் சிரமம் இருந்திருக்காது. அதனால் ஆள் தேடுவதையே முதல் படியாக வைத்திருக்கிறேன்.

மருந்திலும் உணவுக் கட்டங்களின் நாள் கணக்கிலும் உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

1. தேதி வாங்கும் முன் ஆளைத் தேடுங்கள்

நீங்கள் போகும் மருத்துவமனையின் டயட்டீஷியனிடம் கேளுங்கள்: "இங்கே செய்துகொண்டவர்களில் இரண்டு பேரோடு பேச வேண்டும். அவர்கள் சம்மதித்தால் நம்பர் கொடுங்கள்." இந்த அறுவையை வழக்கமாகச் செய்யும் இடத்தில் இதற்குத் தயங்க மாட்டார்கள். மழுப்பினால், இங்கே எத்தனை பேருக்குச் செய்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டியதுதான்.

ஒருவர் அறுவை முடிந்து ஓரிரு மாதம் ஆனவராக இருக்கட்டும். பில், வலி, நர்ஸ்கள், முதல் வார சாப்பாடு எல்லாம் அவருக்கு நினைவில் இருக்கும். இன்னொருவர் இரண்டு வருடம் தாண்டியவராக இருக்க வேண்டும். எடை கொஞ்சம் திரும்புவது, சத்து மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்பது போன்ற விஷயங்கள் அவருக்குத்தான் தெரியும். மருத்துவமனை பெரும்பாலும் நன்றாக இருப்பவரின் நம்பரைத்தான் தரும். ஆகவே அவரிடமே, "ரொம்பச் சிரமப்பட்டவர் யாராவது தெரியுமா?" என்று கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு பேச்சு பத்து வீடியோ பார்ப்பதைவிட உதவும்.

கேட்க வேண்டியவை: முதலில் சொன்ன தொகைக்கும் கடைசி பில்லுக்கும் எவ்வளவு வித்தியாசம்? ராத்திரி போன் செய்தால் யார் எடுத்தார்கள்? எது சாப்பிட்டால் வாந்தி வந்தது? வீட்டில் யார் சமைத்துக் கொடுத்தார்கள்? எப்போது வேலைக்குத் திரும்பினீர்கள்? பெண்கள் பெண்களிடமே பேசுவது நல்லது. மாதவிடாய், முடி கொட்டுவது, அடுத்த குழந்தை எல்லாம் ஆண்களிடம் கேட்கும் விஷயமில்லை.

வீட்டில் சமைப்பவரையும் இந்தப் பேச்சில் உட்கார வையுங்கள். அம்மாவோ மனைவியோ கணவரோ, நாளைக்கு அரைக் கிண்ணம் கஞ்சியோடு நீங்கள் எழுந்திருக்கும்போது பதறப்போவது அவர்தான்.

2. உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பிஎம்ஐ கிடைக்கும். 160 செ.மீ. உயரம், 100 கிலோ எடை என்றால் 39. பிஎம்ஐ 35-ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பற்றிப் பேசலாம் என்பதும், 30-க்கு மேல் சர்க்கரை போன்ற நோய் இருந்தால் பேசலாம் என்பதும் 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். நம் ஆசிய உடலுக்கு இன்னும் குறைந்த அளவிலேயே பரிசீலிக்கலாம் என்றும் அதில் இருக்கிறது.

இங்கேதான் முதல் பொறி. டாக்டர் பார்க்கும் அளவு வேறு, காப்பீட்டு நிறுவனம் பார்க்கும் அளவு வேறு. பாலிசிகளில் உள்ள பொது விதிப்படி பிஎம்ஐ 40 இருக்க வேண்டும். அல்லது 35 இருந்து, கட்டுக்குள் வராத இரண்டாம் வகை சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இதயநோய் இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும், மற்ற வழிகளில் முயன்றும் குறையவில்லை என்று காட்டவும் வேண்டும். டாக்டர் சரி என்றுவிட்டார் என்பதால் காப்பீடும் சரி என்றுவிடும் என்று நம்பி நாள் குறிக்காதீர்கள்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், அதைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸில் இரைப்பையைச் சிறிதாக்கி, குடலின் முதல் பகுதியைத் தாண்டி இணைப்பார்கள். கடுமையான நெஞ்செரிச்சல் இருந்தால் ஸ்லீவ் அதைக் கூட்டலாம். எது உங்களுக்கு, ஏன் என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

3. மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது

2024-இல் நம் புதுச்சேரி இளைஞர் ஒருவர் இந்த அறுவைக்காகச் சென்னைப் பக்கம் போய், உயிரோடு திரும்பவில்லை. அந்தச் செய்தியைப் படித்த பிறகு இங்கே பல வீடுகளில் அறுவைப் பேச்சே நின்றுபோனது. பயம் நியாயமானது. அந்தப் பயத்தைக் கேள்விகளாக மாற்றிக்கொள்ளுங்கள். தள்ளுபடி பேக்கேஜ் என்று விளம்பரம் வந்தால் விலையைப் பார்க்காமல் இவற்றைக் கேளுங்கள்:

ஐசியு அதே கட்டடத்தில் இருக்கிறதா, ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் அங்கேயே இருப்பாரா? ஆபரேஷன் மேசையும் சிடி ஸ்கேனும் உங்கள் எடையைத் தாங்குமா? ரத்தம் உடனே கிடைக்குமா? இந்த சர்ஜன் இந்த அறுவையை வருடத்துக்கு எத்தனை செய்கிறார்? இரைப்பையைத் தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால் இங்கேயே பார்ப்பார்களா, வேறு இடத்துக்கு அனுப்புவார்களா?

கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் காட்ட நினைப்பவர்கள் கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட் போய், அங்கிருந்து திண்டிவனம் சாலையில் போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம். காலை ஓபி பதிவுக்கு நேரத்தோடு போங்கள். அது மத்திய அரசு நிறுவனம், ஆகவே மத்திய அரசு விடுமுறை நாட்களில் ஓபி இருக்காது. கிளம்பும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். செலவு குறைவு, காத்திருப்பு அதிகம். சென்னையில் செய்துகொள்வதாக இருந்தால், முதல் வருடத்தில் மட்டும் பலமுறை மறுபரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதையும், அவசரம் என்றால் ஈசிஆரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்த நிலைமைக்காக உள்ளூரில் ஒரு சர்ஜனைப் பார்த்து, உங்கள் ஃபைலின் நகலைக் கொடுத்து வைப்பது நல்லது.

4. காகிதங்கள்

நம் பகுதியில் எல்லையே ஒரு குழப்பம். வீடு ரெட்டிச்சாவடியில் இருக்கும், அது தமிழ்நாடு. வேலை கன்னியக்கோயிலில் இருக்கும், அது புதுச்சேரி. அரசுக் காப்பீடு உங்கள் ரேஷன் கார்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான். கடலூர் மாவட்டத்தவர் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். புதுச்சேரி கார்டு என்றால் ஆயுஷ்மான் பாரத். இரண்டிலும் "எந்தச் சிகிச்சை, எந்த மருத்துவமனையில்" என்று பட்டியல் உண்டு. அட்டை இருக்கிறது என்பதோடு நிற்காமல், இந்த அறுவையும் இந்த மருத்துவமனையும் சேர்ந்து பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள். கம்பெனியில் இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் அதையும் கேளுங்கள்.

தனியார் பாலிசிக்காரர்கள் சேர்க்க வேண்டியது: பாலிசி முழுப் புத்தகம் (அட்டை மட்டும் போதாது), ஆதார், பான், பழைய ஓபி சீட்டுகள், சர்க்கரை, பிரஷர் மருந்துச் சீட்டுகள். எடை எழுதப்பட்ட சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். டயட்டீஷியனிடம் போனது, ஜிம்முக்குக் கட்டியது எல்லாம் "மற்ற வழிகளில் முயன்றார்" என்பதற்குச் சாட்சி. சர்ஜனின் கடிதத்தில் உயரம், எடை, பிஎம்ஐ, கூட இருக்கும் நோய்கள், இதுவரை முயன்றவை, அறுவை ஏன் தேவை என ஆறும் இருக்க வேண்டும். தூக்கப் பரிசோதனை அறிக்கை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) அறிக்கை இரண்டையும் அதோடு இணையுங்கள்.

அடுத்த பொறி, இனிஷியல். ஆதாரில் எஸ். குமார், பாலிசியில் குமார் செல்வம், ஓபி சீட்டில் வெறும் குமார் என்று இருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும். முதல் பரிசோதனைக்குப் போகும்போதே ஆதாரில் உள்ளபடி பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

அறை வாடகைக்கு உச்சவரம்பு உள்ள பாலிசியில் அதைவிடப் பெரிய அறை எடுத்தால், வாடகை வித்தியாசத்தோடு போகாது. டாக்டர் கட்டணம் உட்பட பில்லின் பல பகுதிகளில் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். காத்திருப்புக் காலத்தையும் பாருங்கள். பாலிசிக்கு முன்பே இருந்த நோய்க்கு அது 36 மாதம் வரை இருக்கலாம். கேஷ்லெஸ் (காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவது) முன் அனுமதியை அறுவைக்குச் சில நாள் முன்பே அனுப்பச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மறுத்தால் சோர்ந்து உட்காராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம்தான். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

5. பணமும் காலமும்

தனியாரில் இரண்டரை லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை சொல்வார்கள். அதில் இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் சேர்ந்ததா, அதில் போடும் கார்ட்ரிட்ஜ் எத்தனை வரை என்று கேளுங்கள். பில் ஏறுவது அங்கேதான். முன்பரிசோதனைகள், புரோட்டீன் பவுடர், மாதாமாதம் சத்து மாத்திரை, கூட இருப்பவரின் சாப்பாடு, சம்பளமில்லா விடுப்பு இவையெல்லாம் பேக்கேஜில் வராது. நகையை அடகு வைத்துப் புரட்டுபவர்கள் முழுவதையும் மருத்துவமனையில் கட்டிவிடாமல், இரண்டாம் முறை சேர வேண்டி வந்தால் என்று ஒரு தொகையைத் தனியே வையுங்கள்.

ரத்தம், தைராய்டு, எக்கோ, எண்டோஸ்கோபி, வயிற்று ஸ்கேன், தூக்கப் பரிசோதனை, மனநல ஆலோசனை எல்லாம் முடிய ஒன்றரை மாதமாவது ஆகும். புகைப்பவர்கள் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதி எடுக்காமல் இருக்க முடிந்தால் நல்லது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் தெருவெல்லாம் தண்ணீர், அடுத்து தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரில் வெள்ளம். வயிற்றில் தையலோடு அந்த நேரத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது. கத்திரி வெயிலும் வேண்டாம், மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிக்கும் நாட்களில் உடல் சீக்கிரம் வறண்டுவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை வசதி.

6. கடைசி இரண்டு வாரம்

கல்லீரல் சுருங்குவதற்காகக் குறைந்த கலோரி உணவு தருவார்கள். பெரும்பாலும் நீர் ஆகாரம்தான். சர்க்கரை மருந்து எடுப்பவர்கள் இந்த நாட்களில் அதே அளவைத் தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும். டாக்டரிடம் அளவை மாற்றி எழுதி வாங்காமல் டயட்டைத் தொடங்காதீர்கள். டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எடைக்காக வாராந்திர ஊசி போடுபவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். நாட்டு மருந்து, லேகியம் எது எடுத்தாலும் மறைக்காதீர்கள்.

மூச்சை உள்ளே இழுத்து மூன்று பந்துகளை மேலே தூக்கும் மூச்சுப் பயிற்சிக் கருவியை இப்போதே வாங்கிப் பழகுங்கள். பையில் முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான உடை, மாட்டிக்கொள்ள எளிதான செருப்பு, 30 மில்லி அளவுக் குப்பி, காகித நகல்கள்.

7. மருத்துவமனையில்

இரண்டு மூன்று நாள்தான். அன்று மாலையே நடக்கச் சொல்வார்கள், நடங்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் பெரிய காவல். தோள்பட்டையில் வலி வரும், வயிற்றுக்குள் செலுத்திய காற்றால் வருவது, நடந்தால் குறையும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அறுவையின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அவசர நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

8. முதல் ஆறு வாரம்: நம் வீட்டுச் சாப்பாட்டில்

டயட்டீஷியன் தரும் தாளில் சூப், ஸ்மூத்தி என்று இருக்கும். நம் அடுப்பில் அதற்கு என்ன என்பதைத்தான் முன்பே செய்துகொண்டவர்களிடம் நான் கற்றுக்கொண்டேன்.

முதல் நாட்களில் தண்ணீர், வடிகட்டிய காரமில்லாத ரசம், தெளிந்த பருப்புத் தண்ணீர். அப்புறம் இரண்டு வாரம் முடியும்வரை நீர்மோர், பால், வடிகட்டிய ராகிக் கஞ்சி, புரோட்டீன் பவுடர் கலந்த மோர். ஒரு மடக்கு குடித்து, நிறுத்தி, மறுபடி ஒரு மடக்கு. நாள் முழுக்க குப்பி கையிலேயே இருக்கட்டும், ஒன்றரை லிட்டர் சேர வேண்டும். மூன்றாம், நான்காம் வாரம் மசித்தவை: குழைந்த பாசிப்பருப்பு, மசித்த முட்டை, மிக்ஸியில் அடித்த மீன். அதன்பின் மிருதுவானவை. முதுநகர் பக்கம் நல்ல சுறா கிடைத்தால் எண்ணெய் குறைத்துச் செய்த சுறாப்புட்டைப் போல ஒத்துழைக்கும் உணவு இல்லை, மிருது, முள் இல்லை, புரதம் நிறைய. சங்கரா என்றால் முள்ளை இருமுறை தடவிப் பாருங்கள். கருவாடு வேண்டாம்.

புரதம் நாளைக்கு 60 கிராமாவது. ஒரு முட்டை 6 கிராம், 100 கிராம் மீன் ஏறக்குறைய 20, ஒரு டம்ளர் பால் 6 அல்லது 7. கிண்ணத்தில் முதலில் புரதத்தைச் சாப்பிடுங்கள், சோறும் இட்லியும் கடைசியில். இடம் இருக்காது, அதுதான் சரி. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, முன்னும் பின்னும் அரை மணி இடைவெளி வேண்டும். நமக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், சோற்றுக்கு நடுவே டம்ளரைத் தேடும் கை நிற்காது. டம்ளரை வேறு அறையில் வையுங்கள்.

பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வீட்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். பலாச்சுளை நார், ஆரம்ப மாதங்களில் அடைத்துக்கொள்ளும். முந்திரி கொஞ்சமாக உள்ளே போய் நிறையக் கலோரி சேர்க்கும். பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம்.

9. உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐ ஒட்டி நிற்பது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மூச்சு வாங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கறுப்பாக மலம் போவது, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே தங்காமல் வாந்தி. இதில் எது வந்தாலும் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அவசர நம்பருக்கு அடியுங்கள், வழியில்லை என்றால் 108. நாள்கணக்கில் வாந்தி இருந்து பார்வை இரட்டையாகத் தெரிந்தால், நடை தள்ளாடினால், அது தயமின் (வைட்டமின் பி1) குறைபாடாக இருக்கலாம். வெறும் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி போட வேண்டும் என்பதால், "எனக்கு எடை குறைப்பு அறுவை நடந்திருக்கிறது" என்று உள்ளூர் கிளினிக்கில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்றவை புண்ணை உண்டாக்கும், குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு.

10. குழுவை எப்படி வைத்துக்கொள்வது

இந்த அறுவை செய்துகொண்டவர்களின் குழு உங்கள் பக்கம் இல்லை என்றால் நான்கு பேரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினால் போதும். சில விதிகளை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவை யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. புரோட்டீன் பவுடர் விற்க வருபவர்களுக்கு இடமில்லை. "உனக்கு மூன்று மாதத்தில் இவ்வளவுதானா?" என்ற ஒப்பீடு கூடாது. ஆண், பெண், வயது, ஆரம்ப எடை, அறுவையின் வகை எல்லாம் சேர்ந்துதான் குறையும் வேகம். எடை சில வாரம் அசையாமல் நிற்கும், எல்லோருக்கும் நிற்கும். அந்த வாரங்களில்தான் குழு அதிகம் தேவைப்படும்.

குழுவுக்குள் ஒருவரை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டுக்குப் போகும் முன் அவருக்கு ஒரு போன். பந்தியில் "என்னப்பா, இலையில ஒண்ணுமே வைக்கல?" என்று அத்தை கேட்பார், இரண்டாவது முறை பரிமாறுவார், மறுத்தால் மனம் கோணுவார். "வயித்துல ஆபரேஷன் அத்தை, டாக்டர் கண்டிப்பு" என்று சொன்னால் போதும், முழுக் கதையும் தேவையில்லை. யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் உரிமை.

வாரம் ஒருமுறை நேரில் பாருங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள், நடக்கத் தோதான இடம். கடலூர்க்காரர்களுக்கு சில்வர் பீச். நடந்துகொண்டே பேசும்போது, வீட்டில் சொல்ல முடியாததும் வாயில் வந்துவிடும்: சாப்பாட்டை இழந்த துக்கம், தொங்கும் தோல், திடீர் அழுகை. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே இருந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள், குழு அதற்கு மாற்று இல்லை.

குடிப்பழக்கம் உள்ளவர்களைப் பற்றி நான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் மது மலிவு, சுலபம். அறுவைக்குப் பின் கொஞ்சம் குடித்தாலே சட்டென்று ஏறும், சாப்பாடு கொடுத்த ஆறுதலை அதில் தேடத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். முதல் வருடம் தொடவே வேண்டாம். யாராவது தொட்டால் திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

11. வருடக்கணக்கில் செய்ய வேண்டியவை

மல்டிவைட்டமின், பி12, இரும்பு, கால்சியம் சிட்ரேட், வைட்டமின் டி: ஆயுசுக்கும். இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேரமாவது விட்டு எடுங்கள், இரும்போடு டீ, காபி கூடாது. மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும், பெரும்பாலும் வருடத்துக்குள் வளர்ந்துவிடும். புரதமும் இரும்பும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் வரலாம், அதைத் தடுக்க ஆறு மாத மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள்.

பெண்களுக்கு: எடை குறையக் குறையக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் கூடாது. பைபாஸ் செய்தவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம், வேறு வழியை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

மறுபரிசோதனை இரண்டாம் வாரம், ஒரு மாதம், மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்கள், அப்புறம் வருடம் ஒருமுறை. வருடாந்தரப் பரிசோதனையில் ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி, கால்சியம், பிடிஎச் (கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்) எல்லாம் இருக்கட்டும். உங்கள் பிறந்தநாள் மாதத்தையே அதற்கு வைத்துக்கொண்டால் மறக்காது. மிகக் குறைந்த எடையிலிருந்து நான்கைந்து கிலோ ஏறியதைக் கண்டால், கூச்சப்பட்டுக் குழுவை விட்டு விலகாமல், அந்த வாரமே டயட்டீஷியனிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.